பம்ப் ஸ்டவ்வில் சிம் எங்கே?

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர்கள் எல்லோர் தலையிலும் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச்சுக்கு பேட்டரி, மாடித் தொட்டியில் தண்ணீர், இன்னொரு சிலிண்டர். டிவியில் புயலின் பாதையை வரைந்து காட்டும்போது அந்த அம்புக்குறி எப்படியும் சுற்றிச் சுற்றி எங்கள் பக்கம்தான் வரும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். என் பட்டியலில் மட்டும் கூடுதலாக ஓர் உருப்படி உண்டு. பரண்மேல் கிடக்கும் பித்தளை பம்ப் ஸ்டவ்வை இறக்கி, வாஷருக்கு எண்ணெய் விட்டு, ஒரு முறை கொளுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றி வைப்பேன்.

அதைப் பார்க்கிற இளவட்டங்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “இதுல சிம் எங்க இருக்கு?”

கிடையாது. பக்கத்திலே ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத்தான் குமிழ் என்று நினைத்துத் திருகப் போவார்கள். அது தீயைக் குறைக்கும் திருகு இல்லை, காற்றை வெளியே விடும் திருகு. வலதுபக்கம் திருகினால் மூடும், இடதுபக்கம் திருகினால் ‘புஸ்’ஸென்று காற்று போய் ஸ்டவ் அணையும். அப்படியென்றால் பாலை எப்படிச் சுண்டக் காய்ச்சினார்கள், சாம்பாரை எப்படிக் கொதிக்கவிட்டு இறக்கினார்கள், சோற்றை எப்படிப் பதமாக வடித்தார்கள்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அடுப்புக்குள்ளே என்ன நடக்கிறது

மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியானால்தான் எரியும். திரி ஸ்டவ்வில் அந்த ஆவியாக்கும் வேலையைத் திரி பார்த்துக்கொள்கிறது. பம்ப் ஸ்டவ்வில் திரியே இல்லை. டேங்குக்குள் காற்றை அடிக்கிறோம். அந்தக் காற்று எண்ணெயை நடுக்குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. மேலே, பர்னருக்குள் வளைந்து போகும் குழாய் ஏற்கெனவே பழுக்கச் சூடாக இருப்பதால், எண்ணெய் அங்கே ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி நிப்பிளில் இருக்கும் ஊசித்துளை வழியாகச் சீறி வெளியே வருகிறது. துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். சீறுகிற வேகத்தில் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போய், மேலே இருக்கும் தட்டில் மோதி, விரிந்து, நீலமாக எரிகிறது.

அந்தக் குழாயைச் சூடாக்குவது எது? அதே தீதான். தன் தீயில் தானே சூடாகி, தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே தயார்செய்துகொள்கிற அடுப்பு இது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில், தீயே இல்லாதபோது குழாயை யார் சூடாக்குவது? அதற்குத்தான் பர்னருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவது. ஸ்பிரிட் இல்லாத வீடுகளில் மண்ணெண்ணெயில் நனைத்த துணித் துண்டையே கிண்ணத்தில் வைத்துக் கொளுத்துவார்கள். கரி பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும். இந்த நேரத்தில் காற்றுத் திருகு திறந்தே இருக்க வேண்டும். ஸ்பிரிட் எரிந்து தீரப்போகிற சமயத்தில் திருகை மூடி, இரண்டு மூன்று அடி மட்டும் பம்ப் அடிக்க வேண்டும். நீலத் தீ பிடித்துக்கொண்டால் இன்னும் பத்துப் பதினைந்து அடி. அவசரப்பட்டு முன்னாலேயே பம்ப் அடித்தால் ஆவியாகாத எண்ணெயே நேராக வெளியே வரும்; மஞ்சள் தீ முழ உயரத்துக்கு எகிறும். பம்ப் ஸ்டவ் என்றாலே பயம் என்பவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் எங்கேயோ பார்த்திருப்பார்கள்.

கூட்டுவதும் குறைப்பதும்

தீயைக் கூட்ட வேண்டுமா, பம்ப் அடியுங்கள். இது எல்லோருக்கும் தெரியும். குறைப்பதுதான் வித்தை.

காற்றுத் திருகை ஒரு நூல் அளவு மட்டும் இளக்க வேண்டும். காற்று மெல்லச் சீறும். ஓரிரு விநாடி விட்டு உடனே மூடிவிட வேண்டும். தீ அப்போதே இறங்காது. சற்றுப் பொறுத்துத்தான் இறங்கும். இறங்கவில்லையே என்று இன்னொரு முறை திறந்தால் போச்சு, சட்டென்று அளவுக்கு மீறி இறங்கிவிடும். இதில் நிதானம்தான் முக்கியம். திற, மூடு, காத்திரு.

குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தீ சிறுத்தால் பர்னர் குழாயின் சூடும் சிறுக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் எண்ணெய் முழுசாக ஆவியாகாது. அப்போது தீ நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகும், குதிக்கும், பாத்திரத்தின் அடியில் கரி அப்பும். கேஸ் அடுப்பில் சிம் வைத்துவிட்டு மெகா சீரியல் பார்க்கப் போகிற மாதிரி இங்கே முடியாது. அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு பழைய தோசைக்கல் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பால் சுண்ட வேண்டும் என்றால் தீயை அந்த எல்லை வரைக்கும் இறக்கி, ஸ்டவ்வின் மேல் தோசைக்கல்லைப் போட்டு, அதன்மேல் பால் குண்டானை வைப்பார்கள். தீ அடுப்புக்கு வேண்டிய அளவில் எரியும், சூடு பாலுக்கு வேண்டிய அளவில் போகும். வெளிநாட்டு முகாம் அடுப்புகளுக்கு இதற்கென்றே ஒரு தகடு தனியாக விற்கிறார்கள். நம் வீடுகளில் தேய்ந்துபோன தோசைக்கல்லே அதைச் செய்துவிட்டது.

பர்னரிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இரையும் ஸ்டவ். தட்டில் ஆவி மோதும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இன்னொன்று சத்தமில்லாதது, தட்டுக்குப் பதிலாகச் சல்லடை மாதிரி துளைபோட்ட மூடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். சைலன்ட் பர்னர் என்பார்கள். சைலன்ட்டில் தீயைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க முடியும், ஆனால் காற்றடித்தால் திணறும். இரையும் ஸ்டவ் காற்றுக்கு அசராது. அதற்கு மென்மையாக எரியத் தெரியாது. சமையலறைக்கு ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

காதால் அளக்கிற தீ

எங்கள் வீட்டில் இருந்தது இரையும் ஜாதி. அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, அடுப்பைப் பார்க்காமலேயே சொல்வார்: “டேய், ஸ்டவ்வு எறங்குது பாரு. ரெண்டு அடி குடு.” போய்ப் பார்த்தால் தீ கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். இரண்டு அடி அடித்ததும்தான் முன்பு எவ்வளவு இறங்கியிருந்தது என்று புரியும்.

அது மந்திரமில்லை. டேங்கில் அழுத்தம் குறைந்தால் ஆவி சீறும் வேகம் குறையும். சத்தத்தின் சுருதி இறங்கும். துளையில் கரி அடைத்தால் சத்தம் விக்கும். எண்ணெய் தீரப்போகிறது என்றால் சத்தத்தில் ஒரு தடுமாற்றம் வரும். பர்னர் சூடு பற்றவில்லை என்றால் சத்தத்துக்கு நடுவே ‘புளக் புளக்’ என்று திரவம் துப்பும் ஒலி. இந்த அடுப்பில் மீட்டர் கிடையாது. சத்தம்தான் மீட்டர். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருந்தார்கள். அதை யாரும் தொழில்நுட்ப அறிவு என்று சொன்னதில்லை, அவ்வளவுதான். ஸ்டவ்வைப் பிரித்துப் பத்தவைத்துக் கொடுத்த கடைக்காரர் மெக்கானிக். தினம் இரண்டு வேளை அதை ஏற்றி, இறக்கி, பின் குத்தி ஓட்டியவர் இல்லத்தரசி.

‘பின்’ என்றேனே, அதைச் சொல்லாமல் ஸ்டவ் கதை முடியாது. தகரப் பிடியின் நுனியில் முடி போன்ற கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கடையில் கிடைக்கும். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் அட்டையில் சொருகியிருக்கும். துளை அடைத்தால் அந்தக் கம்பியை நேராக உள்ளே விட்டு நேராக எடுக்க வேண்டும். உள்ளே விட்டு ஆட்டக் கூடாது. ஆட்டினால் துளை பெரிதாகிவிடும். துளை பெரிதானால் ஆவி அதிகம், அதற்கேற்ற காற்று இழுபடாது. அதற்குப் பிறகு எவ்வளவு பம்ப் அடித்தாலும் தீ மஞ்சள்தான், கரிதான். நிப்பிளையே மாற்ற வேண்டியதுதான். ஆக, தீயின் கணக்கில் மூன்று பேர்: பர்னரின் சூடு, டேங்கின் அழுத்தம், நிப்பிளின் துளை. மூன்றில் ஒன்று கோணினால் மற்ற இரண்டையும் வைத்துச் சரிக்கட்ட முடியாது.

வடதுருவம், எவரெஸ்ட், தேவனாம்பட்டினம்

இந்த அடுப்பு நம் ஊர்ச் சரக்கில்லை. சுவீடனில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-இல் கொண்டுவந்தது. அவர் வைத்த பெயர் பிரைமஸ். கரி பிடிக்காத மண்ணெண்ணெய் அடுப்பு என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. நார்வேக்காரர் நான்சென் 1895-இல் கப்பலை விட்டிறங்கி வடதுருவத்தை நோக்கிப் பனியில் நடந்தபோது, பனிக்கட்டியை உருக்கித் தண்ணீராக்கியது ஒரு பிரைமஸ்தான். 1953 மே 29 அன்று விடிகாலையில், எவரெஸ்ட்டின் கடைசிக் கூடாரத்தில், கல்லாய் உறைந்துபோன தன் பூட்ஸை ஹிலாரி இளக வைத்ததும் ஸ்டவ் தீயில் காட்டித்தான். அதற்குப் பிறகுதான் அவரும் டென்சிங்கும் உச்சிக்குக் கிளம்பினார்கள்.

மலையேறுகிறவர்களுக்காகச் சின்னதாக, கால்களைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடுகிற மாதிரி நிறைய அடுப்புகள் வந்தன. 1955-இல் வந்த ஸ்வியா 123, அப்புறம் ஆப்டிமஸ் 8ஆர் இவையெல்லாம் இன்றைக்குப் பழம்பொருள் பிரியர்கள் தேடி வாங்குகிறவை. இவற்றில் தீயைக் குறைக்கச் சாவி உண்டு. ஆனால் இவை பெட்ரோல் ஜாதி, பம்ப்பே தேவையில்லை. டேங்க் சூடாகித் தானே அழுத்தம் உண்டாக்கிக்கொள்ளும். சாவி, நிப்பிளுக்குப் போகும் எரிபொருளையே கட்டுப்படுத்துகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவதும், பெட்ரோல் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடவே கூடாது. முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண். இன்னொன்று: இவை வெள்ளைப் பெட்ரோல் என்ற சுத்தமான ரகத்துக்குச் செய்யப்பட்டவை. இப்போது நம் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் வாஷர் அதைத் தாங்காது.

நாம் கூடாரம் அடித்து முகாம் போகிற ஜாதி இல்லை என்று சொல்வார்கள். யார் சொன்னது? மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வந்து இறங்கும்போது கூடவே எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு வந்தன! சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் முதல் நாளே போய், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் ராத்தங்கி, விடிகாலையில் காபி போட்டுக் குடித்தது முகாம் இல்லாமல் வேறென்ன? டூரிஸ்ட் பஸ் கூரையில் அரிசி மூட்டையோடு ஸ்டவ்வும் ஏறும். வழியில் ஏதாவது புளியமரத்தடியில் நிறுத்தி, மொத்த பஸ்ஸுக்கும் புளியோதரை தயாராகும்.

கடற்கரையில் ஸ்டவ் ஏற்றுவது தனி அனுபவம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறும். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து மூன்று பக்கமும் மறைப்பு கட்டுவார்கள். நாலாவது பக்கத்தையும் மூடிவிடலாமே என்று கேட்டால் அத்தை விடமாட்டார். “டாங்கி சூடாவும்டா. சூடானா தீ தானா ஏறும்.” உண்மைதான். டேங்க் சூடானால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடும், நாம் பம்ப்பைத் தொடாமலேயே தீ வளரும், வளர்ந்த தீ டேங்கை இன்னும் சூடாக்கும். அந்தச் சுழலுக்கு எல்லை கிடையாது. அகலமான குண்டானைக் குட்டி ஸ்டவ்வில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். வெப்பம் கீழே திரும்பி டேங்கில் இறங்கும்.

ரயிலில் மட்டும் அடுப்பே கூடாது. எரிபொருளோடு ஏறுவதே குற்றம். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே சிலிண்டர் வைத்துச் சமைத்ததில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொருவர் பெட்ரோமாக்ஸ். அதே டேங்க், அதே பம்ப், அதே ஆவி. தட்டுக்குப் பதிலாக மேன்டில். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் (1984) கவுண்டமணி கடையில் செந்தில் நசுக்கினாரே, அதே மேன்டில்தான். கல்யாண ஊர்வலத்திலும் தெருக்கூத்திலும் பெட்ரோமாக்ஸ் மங்கும்போது ஒருவர் எழுந்து போய் நாலு அடி அடித்துவிட்டு வருவார். வெளிச்சம் கூடும், கூத்து தொடரும்.

‘ஸ்டவ் வெடித்து…’

சந்தோஷமான கதையாகவே முடித்துவிட முடியாது. என் பள்ளிக்கூட நாட்களில் செய்தித்தாளைப் பிரித்தால் அடிக்கடி கண்ணில் படும் வரி, ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’. விபத்துகள் நிஜமாகவே நடந்தன. எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவது, நைலான் புடவைத் தலைப்பு, தரையில் குந்தி உட்கார்ந்து சமைப்பது, கலப்பட எண்ணெய் எல்லாம் உயிர் குடித்தன. ஆனால் எல்லாமே விபத்தில்லை என்பதும் ஊருக்கே தெரியும். வரதட்சணைக் கொடுமைக்காக இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு 1983-லும், கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் இயற்கைக்கு மாறாக நடக்கும் மரணத்தைப் பற்றிய 304-பி பிரிவு 1986-லும் வந்தது சும்மா இல்லை.

அப்படி ஒரு செய்தியை நான் சத்தமாகப் படித்தபோது அத்தை கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. “டாங்கி வெடிச்சிதுன்னா செவுரு, கூரை எல்லாம் எண்ணெ தெறிச்சிருக்கணுமே. அத எழுதியிருக்கானா பாரு.” எழுதவில்லை. “ஸ்டவ்வு என்னாச்சின்னாவது போட்டிருக்கானா?” அதுவும் இல்லை. அத்தை அதற்குமேல் எதுவும் பேசவில்லை. எழுந்துபோய் உலையை இறக்கினார். பித்தளை டேங்க் எப்படிக் கிழியும், எண்ணெய் எப்படிப் பரவும், தீ எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவோடு அந்த ஒரு வரிச் செய்தியைப் படித்தால் அது வேறு மாதிரி படிக்கும். சமையலறைக்குள் ஸ்டவ்வைத் தினமும் கேட்டு வளர்ந்த எத்தனை பெண்கள் அதை அப்படிப் படித்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்திருப்பார்கள்!

அதனால், பம்ப் ஸ்டவ் போய் கேஸ் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. 2007-இல் தமிழக அரசு இலவசமாக கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபோதும், 2016-இல் உஜ்வலா வந்தபோதும், நாலு பேர் ‘அந்தக் காலத்து ருசி வருமா’ என்று சொன்னார்கள். சொன்னவர்களில் அடுப்பு ஏற்றியவர் ஒருவரும் இல்லை.

பிறகு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் தலைமேல் கரை கடந்தது. மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகம். மரங்கள் எல்லாம் ரோட்டில். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்காயிற்று. சிலிண்டர் வண்டி தெருவுக்குள் நுழைய முடியாத அந்த நாட்களில் எங்கள் தெருவில் டீ போட்டது இந்த ஸ்டவ்தான். பம்ப் அடித்தது அம்மா. மற்றவர்களுக்குக் கை பழகவில்லை. அன்றைக்குத்தான் நானும் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் பரணில் ஒன்று இருக்கிறதா?

இருந்தால், கொளுத்துவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்.

பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லையா? தோல் வாஷர் காய்ந்திருக்கும். கழற்றி ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு மாட்டுங்கள். கிழிந்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்.

அடித்த கைப்பிடி தானாக மேலே எழும்புகிறதா? பம்ப்புக்கு அடியில் இருக்கும் வால்வு போயிருக்கிறது. அதை மாற்றாமல் ஏற்றாதீர்கள். எண்ணெய் பம்ப் வழியாகவே வெளியே வரும்.

டேங்கில் எண்ணெய் ஊற்றாமல் காற்று மட்டும் அடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். எங்கேயாவது குமிழி வந்தால் அங்கே ஓட்டை.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். அமோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது. தகடாக அடித்து வளைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் ஸ்டவ் டேங்கும் அப்படி வளைத்ததுதான்.

எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி முக்கால் டேங்க் மட்டும் ஊற்றுங்கள். காற்றுக்கு இடம் வேண்டும். எரிந்து முடிந்த ஸ்டவ்வில், கை வைத்தால் சூடு தெரியாத வரை எண்ணெய் மூடியைத் திறக்காதீர்கள். ரேஷனில் இரண்டு சிலிண்டர் கார்டுக்கு மண்ணெண்ணெய் கிடையாது. வெளியே வாங்க வேண்டியதுதான். முதல் தடவை ஏற்றுவது முற்றத்திலோ மாடியிலோ இருக்கட்டும். மூடிய அறை கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக, டேங்கின் அடியில் யாரோ ஈயம் வைத்துப் பத்தவைத்த தழும்பு இருந்தால், கொளுத்துகிற ஆசையை விட்டுவிடுங்கள். நன்றாகத் துலக்கி ஷோகேஸில் வையுங்கள். அழகாகத்தான் இருக்கும்.